மாமாவின் மர ஆணி

ரோலர் சத்தமும் கிராணியின் ஏச்சும் எட்டாத இடத்துக்குப் போய்விட்ட என் அன்பு மாமாவுக்கு,

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ராமலிங்கம் எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை. உங்கள் லயத்து வீட்டுக் கூரையில் நீங்கள் பிஸ்கட் டின் மூடியைத் தட்டி வைத்த இடம் இன்னும் ஒழுகவில்லையாம். தோட்டத்திலிருந்து ஆள் வந்து புதுத் தகரம் அடித்த இடமெல்லாம் ஒழுகுகிறதாம். இது எப்படி மாமா? பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பேன். நீங்களும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்திருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்து, விளக்குக்கு முன்னால் வைக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களை நான் கேலி செய்தது நாலு பேர் முன்னால். திருத்திச் சொல்வதும் நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மாமா குப்புசாமி, என் அக்கா அஞ்சலையின் கணவர். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால் தகடாகிற ஆலையில் எஞ்சின் ஓட்டினார். அந்த ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள்; கணக்கு எழுதும் குமாஸ்தா கிராணி, வேலையை மேற்பார்வை பார்ப்பவர் மண்டோர், எல்லாருக்கும் மேலே வெள்ளைக்காரத் துரை, தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடு லயம். நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இரும்பைத் தவிர வேறெதையும் மதிக்கத் தெரியாதவன்.

மோசமான வேலைக்குத்தான் இந்த ஊரில் எத்தனை பெயர் மாமா! எங்கள் பட்டறையில் 'ஒப்பேத்துறது' என்போம். மனசு இல்லாமல் செய்தால் 'ஏனோதானோ'. மலாய்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தள்ளுவதை 'ஹந்தாம்' என்கிறார்கள். கிள்ளான் சீனர்களிடம் 'சின்சாய்' என்று ஒன்று இருக்கிறது. ஏதோ ஒன்று, எப்படியோ ஒன்று, போகட்டும் விடு என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சொல்லும்போதே பாதி மரியாதை போய்விடும்.

நல்ல வேலைக்கு மட்டும் 'நல்ல வேலை' என்பதற்கு மேல் ஒரு பெயரும் காணோம். அது ஏன் என்று அடிக்கடி யோசிக்கிறேன். குறை சொல்லும்போதுதான் நமக்கு நாக்கு நீளுகிறதோ என்னவோ.

உங்களைச் சின்சாய் என்று முதலில் சொன்னது என் குடை விஷயத்தில். கிழிந்த என் குடையை நீங்கள் வாங்கி, ரப்பர் பாலில் துணியை நனைத்து ஒட்டிக் கொடுத்தீர்கள். ஒரு வாரம் ஜோராக இருந்தது. அப்புறம் வெயிலில் பால் இளகி, குடை தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. கிள்ளான் ஸ்டேஷனில் அடைமழை. நான் குடையைத் திறக்கிறேன், திறக்கிறேன், அது வரவே இல்லை. நனைந்த கோழியாய் வீடு வந்து சேர்ந்தேன். மறுவாரம் நீங்கள் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "எந்தப் பக்கம் முதல்ல ஒட்டிச்சு மாப்ளே?" நான் நனைந்தது உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. பால் எந்த வெயிலில் இளகியது, எத்தனை நாள் தாங்கியது என்பதுதான் கவலை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இப்போது ஆணிக்கு வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய தீபாவளிக்கு நான் வந்தபோது ஸ்டோரைச் சுற்றிக் காட்டினீர்கள். எஞ்சின் ஒரு தண்டைச் சுற்றுகிறது. அந்தத் தண்டையும் ரோலரையும் சேர்த்துப் பிடிப்பது கட்டைவிரல் பருமனில் ஓர் ஆணி. ஆணி இருந்தால் ரோலர் சுற்றும். ஆணி போனால் தண்டு மட்டும் சும்மா சுற்றும், ரோலர் நின்றுவிடும். பெண்கள் உறைந்த பால்கட்டியைக் கையால் ஏந்தி ரோலருக்குள் தள்ளுகிறார்கள். மறுபக்கம் தகடாக வருகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஆணி மரத்தில் இருந்தது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரும்பு உருளையை மரக்குச்சியால் கட்டி வைத்திருக்கிறார் என் மாமா! ரப்பர் விலை விழுந்து கிடந்த நேரம், கேட்ட சாமான் வருவதில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மரமா? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 'டப்'பென்று உடைந்தது. ரோலர் நின்றது. கிராணி வந்து கத்தினார். நீங்கள் பையிலிருந்து இன்னொரு மர ஆணியை எடுத்துச் செருகினீர்கள்.

"இது என்ன மாமா சின்சாய் வேலை! ரயில்வேயில இப்படிச் செஞ்சா வண்டி ஸ்டேஷன் தாண்டாது" என்றேன். கிராணி சிரித்தார், மண்டோர் சிரித்தார், பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"மரந்தானே மாப்ளே. ஒடஞ்சா ஒடயட்டும்" என்றீர்கள்.

அன்றிலிருந்து தோட்டத்தில் உங்களுக்குச் சின்சாய் டிரைவர் என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை ஒளிக்க முடியாது.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். நான் வந்து சேர்ந்தபோது உங்களுக்கு நினைவில்லை. அக்கா உங்கள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் உங்களிடம் கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அதுவும் ஒரு கேலியாகத்தான் இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடி நான்தானே எடுக்க வேண்டும். அக்காவுக்குச் சேலை எடுத்தேன். உங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பட்டறையில் மேஸ்திரியிடம் கேட்டு, நல்ல எஃகில் ஓர் ஆணி கடைந்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. கோடிச் சேலையோடு அதையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். செத்த பிறகாவது உங்கள் வேலையை யாரும் குறை சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். மறுநாள் காலை, எஞ்சின் போடுவதற்கு முன்னால், நானே உங்கள் மர ஆணியைத் தட்டி எறிந்துவிட்டு இதை மாட்டினேன்.

கிராணி என் முதுகில் தட்டினார். "இதுவல்லவா வேலை" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அக்காவைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வேலை வேண்டுமே. ஸ்டோரில் ரோலருக்குப் பால்கட்டி தள்ளுகிற வேலையைக் கொடுத்தார்கள். லயத்து அறையும் அவளுக்கே என்றார்கள். வெயில் மழையில் காட்டுக்குள் நடக்க வேண்டியதில்லை, நிழலில் வேலை என்று நான் நிம்மதியாக ரயிலேறினேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். உங்கள் ஆயுதப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். "நீதான தம்பி வேலக்காரன். நீயே வச்சுக்க" என்றாள். பெட்டிக்குள் ஒரு பால் டின். டின் நிறைய உடைந்த மர ஆணிகள்.

"இத எதுக்குக்கா தூக்கிட்டு வந்த?"

"அடுப்புல போடப் போனேன். அந்த மனுசன் ஒண்ணையும் எறியாம சேத்து வச்சிருந்தாரே, எதுக்கோ என்னமோன்னு எடுத்தாந்தேன்."

நான் சும்மா ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பரப்பி உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போனாள்.

இரண்டைத் தவிர எல்லா ஆணியும் ஒரே இடத்தில் உடைந்திருந்தது மாமா. நடுவில், சுற்றிவர, இழைவாளால் ஒரு பள்ளம் அறுத்திருந்தீர்கள். சிலதில் பள்ளம் ஆழம், சிலதில் வெறும் கீறல். மரமும் வேறுவேறு. பக்கவாட்டில் கத்தியால் கோடுகள்: ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஐந்து. ஒரு மனிதன் தான் செய்த ஆணியைத் தானே ஏன் அறுப்பான்? அதுவும் வேலை தெரியாதவன் அறுத்த அறுப்பாக அது இல்லை. பள்ளத்தின் இரண்டு ஓரமும் நூல் பிடித்தது போல் இருந்தன. என்னால்கூட அவ்வளவு நேராக அறுக்க முடியுமா என்பது சந்தேகம்.

இன்னொன்றும் கிடைத்தது. பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, புத்தம் புது இரும்பு ஆணி. எஞ்சின் கம்பெனியின் முத்திரைகூட அழியவில்லை. சாமான் வராததால்தான் மரம் வைத்தீர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். சாமான் வந்திருக்கிறது. நீங்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்!

டின்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சீனத் தச்சரிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, நகத்தால் கீறி, மெதுவானதை ஒரு பக்கமும் கெட்டியானதை ஒரு பக்கமும் வைத்தார். ரப்பர் மரம், தென்னை, பலா, ஏதோ ஒரு காட்டு மரம். பிறகு உடையாமல் இருந்த இரண்டில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தார்.

"ஓராங் இனி மாவ் டியா பாத்தா லா" என்றார். இந்த ஆள் இது உடையணும்னுதான் செஞ்சிருக்கான் என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கேட்டேன். "ஸ்டோர்ல யார் கையாவது ரோலர்ல மாட்டியிருக்கா?"

"பொன்னம்மா கை மாட்டிச்சே. உனக்குத் தெரியாதா? ஷீட்டோட சேத்து வெரல இழுத்துருச்சு. அந்த நேரம் பாத்து, சாமான் வராம வச்சிருந்த மர ஆணி ஒடஞ்சு ரோலர் நின்னுபோச்சு. நகம் மட்டுந்தான் போச்சு. அன்னிக்கு உங்க மாமா சோறே திங்கல. ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தாரு. மறுநாளுலேருந்துதான் இந்த ஆணிய அறுக்க ஆரம்பிச்சாரு. கேட்டா சொல்ல மாட்டாரு."

"இப்ப ரோலர் நிக்குதாக்கா?" என்றேன்.

"நீ போட்டதுலேருந்து ஒரு தடவகூட நின்னதில்லடா தம்பி. கிராணி உன்னத்தான் புகழ்றாரு. போன வாரம் என் கையிலேருந்து தள்ளுகட்டை நழுவி உள்ள விழுந்துருச்சு. நாரு நாராத்தான் வெளிய வந்துச்சு" என்று சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டாள் மாமா. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுநாள் காலை திரும்புவதாக இருந்தாள். போய் அந்த ரோலருக்கு முன்னால்தான் நிற்பாள். அதில் நான் கடைந்த எஃகு ஆணி. அது உடையாது. நான் செய்தது எதுவும் உடையாது.

பட்டறைக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு அவளோடு நானும் கிள்ளான் ரயிலில் ஏறினேன். உங்கள் டின்னில் உடையாமல் மிஞ்சியிருந்த இரண்டு ஆணியையும் மடியில் கட்டிக்கொண்டேன். ஸ்டோருக்குப் போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னதும் கிராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்ன ஃபிட்டரே, வெளையாடறீங்களா? மரத்த வைக்கணுமா? இதே எடத்துல நின்னு சின்சாய்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன். தெரியாம சொன்னேன்."

"ரயில்வேயில வேல பாக்கற ஆளுக்கே தெரியலன்னா அந்தக் குப்புசாமிக்குத் தெரிஞ்சிருக்குமா?"

என்னால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. என் வாய்ப்பேச்சைத்தான் அவர் எனக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் துரை வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. சரி, சொல்லிப் பயனில்லை, காட்டிவிடுவோம் என்று கை பருமனுக்கு ஒரு பச்சை மூங்கிலை வெட்டி, கோணியைச் சுற்றினேன். எஃகு ஆணியோடு ரோலரை ஓட்டச் சொல்லி, மூங்கிலை உள்ளே விட்டேன். ரோலர் அதைப் பிடித்து இழுத்தது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மூங்கில் சடசடவென்று நொறுங்கி, கோணியோடு சப்பையாகி மறுபக்கம் விழுந்தது. பொன்னம்மா தன் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பிறகு எஃகு ஆணியைக் கழற்றி உங்கள் மர ஆணியை மாட்டினேன். நான் நினைத்தது தப்பாகிவிட்டால்? உங்கள் பெயர் அந்த இடத்திலேயே நிரந்தரமாகப் போய்விடுமே! இன்னொரு மூங்கிலை விட்டேன். ரோலர் அதன் நுனியைக் கவ்வியது. 'டப்.' நின்றுவிட்டது. மூங்கில் நுனியில் ஒரு விரற்கடை மட்டும் நசுங்கியிருந்தது.

துரை குனிந்து உடைந்த ஆணியைப் பார்த்தார். "இது யார் செஞ்சது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"குப்புசாமி துரை. என் மாமா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

துரை உங்களைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொன்னார் என்று எழுத ஆசைதான். அவர் சொன்னது இவ்வளவுதான்: மரமே இருக்கட்டும், ஆனால் அடிக்கடி நிற்கக்கூடாது, ஆணிக்குத் தோட்டம் ஆள் வைக்காது, நீயே செய்து கொடு. சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது போதும்.

ஆனால் மாமா, அந்த ஆணியைச் செய்வது எவ்வளவு கஷ்டம்! நான் முதலில் செய்த ஆணிகளில் ஒரே காலையில் மூன்று உடைந்து, பெண்களெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தார்களாம். அடுத்ததை மூங்கில் வைத்துப் பார்த்தால் உடையவே இல்லை. மழைக்காலத்தில் மரம் ஊறிக்கொள்கிறது, வெயிலில் முறுகிக்கொள்கிறது. பால்கட்டி கெட்டியாக இருந்தாலும் தாங்க வேண்டும், விரல் மாட்டினால் உடைய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இடம். அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உங்களிடம் அளவுகோல்கூடக் கிடையாதே. கடைசியில் உங்கள் உடைந்த ஆணிகளின் பள்ளத்தில் நூலைச் சுற்றி அளந்து, பலா மரத்தில் அறுத்ததுதான் சரிப்பட்டு வந்தது. அந்தக் கத்திக் கோடுகள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நாள் கணக்கா? மரத்தின் அடையாளமா? ஐந்து கோடு போட்டது மட்டும் ஏன் ஒன்றே ஒன்று?

இன்னொரு கேள்வி. ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் உங்கள் ஆள்தானே. இதை வெகுநாள் நினைத்து நினைத்து மனசு சுட்டது. இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. துரையின் மெஷினை வேண்டுமென்றே பலவீனமாக்குகிறான் என்று தெரிந்திருந்தால் அன்றே உங்களை லயத்தைவிட்டு இறக்கியிருப்பார்கள். வேலை தெரியாதவன் என்றால் ஏச்சோடு போகும். அதனால் ஏச்சை வாங்கிக்கொண்டீர்கள். நான் கேலி செய்யச் செய்ய உங்களுக்கு வசதியாகத்தான் இருந்ததா மாமா? அன்று எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் சிரித்தது அதற்குத்தானா? அப்படி இருந்திருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறும். இல்லையென்றாலும் நீங்கள் என்னைக் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதுதான் அதிகம் வலிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. கடிதம் எழுத வேண்டுமானால் அக்கா வழக்கமாக மண்டோரைத்தான் பிடிப்பாள். இது அவளே எழுதியது. எழுத்தெல்லாம் கோணலும் மாணலுமாக, வரி மேலும் கீழும் ஏறி இறங்கியிருந்தது.

"தம்பி, நேத்து ஆணி ஒடஞ்சிருச்சு. ரெண்டு வெரல் உள்ள போயிருச்சு. வீக்கந்தான், எலும்புக்கு ஒண்ணுமில்ல. மண்டோர எழுதச் சொன்னா நீ நம்ப மாட்டே, பயந்துக்குவே. அதனால அந்தக் கையாலயே எழுதறேன். வேற ஆணி கொண்டா."

பட்டறையில், லேத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

மாமா, ஆறு ஆணி அறுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் கிள்ளான் வருகிறேன். அந்த ரோலருக்கு முன்னால் அக்கா நின்றாலும் சரி, அவளுக்குப் பிறகு வேறு யார் வீட்டுப் பெண் நின்றாலும் சரி, என் கையில் வாள் பிடிக்கத் தெம்பு இருக்கிறவரை, உடைய வேண்டிய நேரத்தில் உடைகிற ஆணி அவர்களுக்கு என்னிடமிருந்து வந்துகொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
நீங்கள் பத்து விரலையும் காப்பாற்றிக் கொடுத்த அஞ்சலையின் தம்பி,
உங்கள் மாப்பிள்ளை,
ராமலிங்கம்